கிஃப்லாவின் வாய்

– மூடியைத் திறக்காதீங்க டாக்டரு, முதல்ல அந்த ஜன்னலைச் சாத்துங்க. காத்து ஊளையிடுது, இவளுக்கு ஆகாது.

– ஜன்னல் சாத்தித்தான் இருக்கும்மா. கூடையை இப்படி மேசை மேல வைங்க. என்ன, பூனையா?

– பூனையா இருந்தா நான் ஏன் இப்படிக் கூடையை இறுக்கி மூடிக்கிட்டு வரேன்? பாம்பு.

– பாம்பா!

– ஏன், பயமா?

– பயமில்லீங்க. இந்த வெர்ஷத்ஸ் ஊர்ல எனக்கு வர்றதெல்லாம் நாயும் ஆடும்தான். சரி, பாப்போம். அட, ஆரஞ்சு நிறத்துல அழகா இருக்காளே. பேரென்ன?

– கிஃப்லா. சுருண்டு படுத்தா பேக்கரியில விக்கற கிஃப்லா ரொட்டியேதான். என் மகன் ரெல்யா வெச்ச பேரு. பஸ்ஸுல பக்கத்துல இருந்தவன் கூடையில என்னன்னு கேட்டான். கிஃப்லான்னேன். ஒண்ணு குடுங்கக்கான்னு கையை நீட்டிப்புட்டான்!

– ஹ! குடுத்திருக்கணும். சரி, என்ன பண்ணுது இவளுக்கு?

– சாப்பிட மாட்டேங்கறா. வாய் ஓரம் வீங்கிக் கிடக்கு, நுரை நுரையா எச்சில் வடியுது.

– தலையைப் பிடிச்சுக்கறீங்களா? இல்ல, வேண்டாம்னா நானே…

– குடுங்க இப்படி. ரெல்யா வெளிநாடு போன புதுசுல நான் அந்த ரூம் பக்கமே போக மாட்டேன். இடுக்கியால எலியைப் போட்டுட்டு ஓடியாந்துருவேன். இப்பப் பாருங்க, தோள்ல போட்டுக்கிட்டுத்தான் டிவி பாக்கறேன். போன வாரம் பக்கத்து வீட்டு மில்யானா ஐஸ்கட்டி எடுக்கறேன்னு என் பிரிட்ஜைத் திறந்தா. மிளகாய்த் தொக்குக்கு மேல எலிப் பொட்டலம். அதோட அவ வர்றதும் நின்னு போச்சு.

– அசையாம பிடிங்க. திறக்கறேன்… ம். ஈறெல்லாம் செவந்திருக்கு. இதோ, மஞ்சளா, தயிர்க்கட்டி மாதிரி. சீழ்தான். இருங்க, இது என்ன வாடை? அம்மா, ரக்கியாவா இது?

– கொஞ்சம்தான். பஞ்சுல நனைச்சு ஒத்தினேன்.

– பாம்பு வாயில சாராயத்தையா!

– காய்ச்சலுக்கு அதைத்தானே தேய்க்கறோம், பல்வலிக்கு அதைத்தானே கொப்புளிக்கறோம்? என் அண்ணன் காய்ச்சினது. பிளம் பழத்தைத் தவிர ஒண்ணும் சேக்கல.

– சரக்கு சுத்தம்தான், இங்க வரைக்கும் மூக்கைத் துளைக்குது. ஆனா புண்ணு வெந்து போயிருக்கும்மா. இனி ஒரு சொட்டு கூடாது. இவளை வெச்சிருக்கற பெட்டி எப்படி? மேல காத்து போக வலை இருக்கா?

– இருந்துச்சு. அதை நான் விட்டு வெப்பேனா? மேல கம்பளி போட்டேன். பக்கத்து ஓட்டையில பஞ்சை அடைச்சு டேப் ஒட்டிட்டேன். குறுக்குக் காத்து அடிக்குமே!

– அடக் கடவுளே.

– என்ன அடக் கடவுளே? குறுக்குக் காத்து பட்டு வாய் கோணிப்போனவங்களை நானே பாத்திருக்கேன். உங்கம்மா சொல்லி வளக்கலையா உங்களை?

– வளத்தாங்க. இப்பவும் கார்ல ரெண்டு ஜன்னலை ஒண்ணாத் திறக்க எனக்குக் கை வராது. ஆனா இவங்கம்மா நம்ம ஊர்க்காரி இல்லையே! காத்து போகாம உள்ள ஈரம் தேங்கிடுச்சு. ஈரத்துல கிருமி வளந்து வாய் அழுகுது.

– அப்போ நான்தான் பண்ணிப்புட்டேனா?

– வேணும்னா பண்ணீங்க? அழாதீங்க. ஊசி போடறேன். தினம் வாயைக் கழுவணும், எப்படின்னு காட்டித் தரேன். நெஞ்சுக்குள்ள இறங்கிடுச்சோன்னுதான் எனக்குக் கவலை.

– இறங்கிட்டா?

– மறைக்க மாட்டேன். பொழைக்கறது கஷ்டம்.

– இவ போகக் கூடாது டாக்டரு. கையெடுத்துக் கும்பிடறேன்.

– மகனுக்குத் தெரியுமா?

– தெரியாது. தெரியவும் கூடாது.

– அவனோட பாம்புதானே இது?

– அதனாலதான். ஸ்டுட்கார்ட் போனவன் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கூப்பிடுவான். "அம்மா, போனைப் பெட்டிப் பக்கம் திருப்பு"ம்பான். திருப்பிக்கிட்டே நிப்பேன், கை கடுக்கும். அவ நாக்கை நீட்டினா சிரிப்பான். அந்தச் சிரிப்பைக் கேட்டுட்டு அடுத்த ஞாயிறு வரைக்கும் ஓட்டிருவேன். இவ செத்துப்போனா அவன் எதைப் பாக்கக் கூப்பிடுவான், சொல்லுங்க?

– உங்களைப் பாக்கத்தான்.

– குடும்பச் சாமி நாளுக்குக் கோதுமை வேக வெச்சேன், முட்டைக்கோஸ் இலையில கறி சுருட்டினேன், மெழுகுவத்தி ஏத்தினேன். வரலை. லீவு கிடைக்கலையாம். பாதிரியார் வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போனாரு. மிச்சத்தை நான் ஒருத்தியே தின்னு தீத்தேன். என்னைப் பாக்கத்தான் வருவானாம்!

– என் பொண்ணு வியன்னாவுல இருக்கா. போட்டோ அனுப்புவா. மலை, பனி, காப்பிக் கோப்பை. அவ மூஞ்சி மட்டும் இருக்காது. சரி, அதை விடுங்க. மகன்கிட்ட இன்னைக்கே சொல்லிடுங்கம்மா. ஞாயித்துக்கிழமை அவனே பாத்துக் கண்டுபிடிச்சா இன்னும் மோசம்.

– திட்டுவான்.

– திட்டட்டும். அதுவும் பேச்சுதானே.

*

– பாருங்கம்மா, பாருங்க, ரெண்டே வாரத்துல நாக்கை எப்படி நீட்டறா! ஈறு நல்லா ரோஸ் நிறத்துக்கு வந்துடுச்சு. சீழ் துளிகூட இல்ல. மூச்சும் சுத்தம். எலி தின்னாளா?

– நேத்து தின்னா. லபக்குன்னு.

– அப்புறம் என்ன! தெசாங்காம்மா, நிஜமாச் சொல்றேன், அன்னைக்கு இவளை நான் கைகழுவிட்டேன். நீங்கதான் காப்பாத்தியிருக்கீங்க. ஊசி இனி வேண்டாம். கழுவவும் வேண்டாம். ஏன் கூடைப் பிடியையே திருகிக்கிட்டிருக்கீங்க? சந்தோஷம் இல்லையா?

– ஐயோ, இல்லாம? ராத்திரியெல்லாம் வேண்டிக்கிட்டது நான்தானே.

– மகன் திட்டினானா?

– திட்டலை டாக்டரு. மருந்து பேரையெல்லாம் கேட்டு எழுதிக்கிட்டான். அப்புறம், "நீ தனியா எப்படிம்மா சமாளிக்கறே"ன்னான். அன்னையிலேருந்து தினம் சாயங்காலம் கூப்பிடறான். தினம்! வாயைக் கழுவினியா, கடிச்சாளா, நீ சாப்பிட்டியாம்மான்னு. முந்தாநாள் வெங்காயம் நறுக்கிக்கிட்டே போனைச் சர்க்கரை டப்பா மேல சாத்தி வெச்சிருந்தேன். அவன் அங்க சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கிட்டிருந்தான். ரெண்டு பேரும் ஒண்ணும் பேசலை. பேசணும்னு தோணவும் இல்லை. அவன் வீட்டுல இருந்தப்பகூட அப்படி இருந்ததில்லை டாக்டரு.

– என் பொண்ணு நேத்தும் ஒரு மலை போட்டோதான் அனுப்பினா.

– என்ன சொன்னீங்க டாக்டரு?

– ஒண்ணுமில்லைம்மா. போன் அடிக்குது, எடுங்க.

– அவன்தான். இன்னைக்கு உங்ககிட்ட வரேன்னு சொல்லியிருந்தேன், என்னாச்சோன்னு தவிச்சுக்கிட்டிருப்பான். நீங்களே சொல்லிடுங்க. நல்ல சேதி, உங்க வாயால கேட்டா சந்தோஷப்படுவான்.

– குடுங்க… ஹலோ, ரெல்யாவா? டாக்டர் வெஸெலின் பேசறேன்பா. ஆமா, அம்மா இங்கதான் இருக்காங்க. பாத்துட்டேன்… இல்லப்பா, இன்னும் ஆறலை. உயிருக்குப் பயமில்லை, ஆனா ரொம்ப நாள் ஆகும், நீ பாட்டுக்கு தினம் கூப்பிட்டுக்கிட்டே இரு.