பட்டாசுப் பெட்டியில் ஒரு நெபுலா

"ஹலோ... ஹலோ, தருணு, நான் யோபு பேசுறேன்... ஆமா ஆமா, ஸ்கூல்லதான். இன்டர்வெல்லு... இல்லலே, காப்பியெல்லாம் குடிச்சாச்சு. நீ எங்கன இருக்க?... பிரஸ்லயா? மிஷின் சத்தத்துல ஒண்ணுங் கேக்கல, கொஞ்சம் வெளிய வா... வந்துட்டியா?"

இயற்பியல் வாத்தியார் யோபு ஆய்வகக் கதவைச் சாத்திக்கொண்டான். மேசைமேல் ஒரு பட்டாசுப் பெட்டி இருந்தது. தருண்குமார் அவனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். கோபத்தில் வாய் தவறி எதையும் கொட்டிவிடக் கூடாது என்று யோபு காலையிலிருந்து ஒத்திகை பார்த்திருந்தான்.

"ஒண்ணுமில்ல, ஒரு பெட்டி வாங்குனேன். புது ஐட்டம், 'ரோஸ் ஷவர்'னு... ஆமா, மேல போயி வெடிக்கிறது. லேபிள் உங்க பிரஸ்ல அடிச்சதா?... நீதான் டிசைனா?... நல்லாருக்குலே. நல்லாத்தான் இருக்கும், நான் எடுத்த நெபுலால்ல அது!... சிரிக்காத... ஏலே, சிரிக்காதன்னேன்!

சும்மா ஒரு அழகுக்கா? கீழ வாலு வரைஞ்சு பொறி ஒட்டியிருக்க. 'இப்படித்தான் வெடிக்கும்'னு எழுதியிருக்க. அது வானத்துல எம்புட்டுத் தூரத்துல கெடக்குற வாயு மேகம்னு உனக்குத் தெரியாதா? தெரியாதவன் செஞ்சா போகுதுன்னு விடலாம். நீ எங்கூட உக்காந்து கேமராவ அவுத்தவன்லே!"

சிவப்பு வெளிச்சத்தைத் தடுக்கிற ஒரு சின்னக் கண்ணாடி கேமராவுக்குள் இருக்கும். அதைக் கழற்றினால்தான் நெபுலாவின் சிவப்பு படத்தில் விழும். தூசி ஆகாது என்று பிரஸ்ஸின் ஏசி அறையைத் திறந்துவிட்டவன் தருண். மிஞ்சிப்போன லேபிள் ஒன்றைக் கவிழ்த்து, டேப் ஒட்டி, கழற்றிய திருகாணிகளை அதே வரிசையில் பதித்து வைத்தவனும் அவன்தான். ஃபிளாஷில் தேங்கிக் கிடந்த கரண்ட் யோபுவைத் தூக்கியடித்தபோது, பதறிப்போய்க் கையைத் தேய்த்துவிட்டான். அந்த நண்பனை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

"அந்தக் கேமரால இனி வேற எதையும் ஒழுங்கா எடுக்க முடியுமாலே? ஆண்டுவிழாவுல ஹெச்.எம். கட்டியிருந்த வெள்ள வேட்டி ரோஸ் கலர்ல விழுந்துச்சு. ஸ்டாஃப் ரூமே சிரிச்சுச்சு. போகுதுன்னு இருந்தேன், இந்த ஒரு படத்துக்காக... ஆமா... ஆமா, கேக்குது. முதலாளி அவசரப்படுத்துனாரு. சீசனு. சரி... சரிங்கேன்ல. நான் சண்டைக்குப் போன் பண்ணல.

அந்தப் படத்தப் போட்டோ போட்டிக்கு அனுப்புனேன்ல, கடைசி ரவுண்டுக்கு வந்துருச்சு... இரு, இரு, வாழ்த்தெல்லாம் அப்புறம். யாரோ இந்தப் பெட்டியப் போட்டோ புடிச்சுப் போட்டி நடத்துறவுகளுக்கு அனுப்பிட்டாக. பட்டாசு லேபிளத் திருடி நெபுலான்னு ஏமாத்திட்டேனாம். ஸ்கூலுக்கும் மெயில் வந்துருச்சு. ஹெச்.எம். என்னைய நிக்க வச்சுக் கேக்குறாரு தருணு... திருடுனீங்களா சார்னு கேக்குறாரு.

கேமரால விழுந்த மூல ஃபைலக் காட்டுனா முடிஞ்சுது. எல்லாம் உன் கம்ப்யூட்டர்லதான கெடக்கு. என் லேப்டாப்பு தாங்காதுன்னு நீதான ஏத்திக்கிட்ட... அத அனுப்பிவிடு, அம்புட்டுதான்... என்ன?... என்ன சொல்ற?... அழிச்சிட்டியா?

எப்ப?... லேபிள் அச்சுக்குப் போன அன்னிக்கேவா?... யாரு அழிக்கச் சொன்னா?... யாருமே சொல்லலையா?"

யோபு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். வேலை அவசரத்தில் தருண் புத்தி கெட்டுச் செய்துவிட்டான் என்றுதான் இதுவரை மனதைத் தேற்றியிருந்தான். பின்னால் யாரும் கேட்டு வரக்கூடாது என்று அன்றைக்கே யோசித்திருக்கிறான், பாவி.

"சரிலே. ஃபைலு போகட்டும். நீ ஒரு வார்த்த சொல்லு. தை மாசப் பனியில, புதுப்பட்டிக் காட்டுல, ரெண்டு பேரும் உக்காந்து எடுத்தோம்னு... பட்டாசுக் கம்பெனி ஆர்டர் போயிருமா... தெரியுது... வருசம் பூரா லேபிளு உங்களுக்குத்தான் குடுக்காக, தெரியுது... எனக்கும் வேல இருக்குல்லலே! நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வகுப்புல போயி நிக்க?...

இங்க பாரு. போட்டிக்காரவுககிட்ட உன் நம்பரக் குடுத்துட்டேன். சாயங்காலம் கூப்புடுவாக. என்ன சொல்லப்போற?...

தெரியாதுன்னா? எது தெரியாது, படமா?...

என்னையவா?...

ஹலோ... தருணு... ஹலோ..."