மூணாம் ஓலை

கிட்ட வந்து இரியுங்க அண்ணாச்சி, இந்தப் பெஞ்சுல. வேலிக்கு அந்தப் பக்கம் செவி உண்டு. தேயிலத் தண்ணி ஆறிப்போவும், குடியுங்க. வாசல்ல கெடக்க கம்பா? அதப் பெறவு சொல்லுதேன்.

நீங்க கோபப்படுகது ஞாயம். ரெண்டு ஞாயிறு சபைக் கோயில்ல ஒழுங்கா கல்யாண ஓலை வாசிச்சாச்சு, ஒங்க மவன் ரெத்தினதாசுக்கும் எனக்க மவ ராஜபாய்க்கும் கல்யாணம்ணு. மூணாம் ஞாயிறு தடைபட்டுதுண்ணா எந்தத் தகப்பனுக்குத்தான் பொறுக்கும்?

என்னது, கட்சிக்க காரியமா? அய்யோ, இல்ல. நீங்க திருப்புறம் ஊர்க்காரரு, மலையாளத்தோட கெடந்தாப் போரும்ணு சொல்லுவீங்க. நாங்க இந்தத் தாலூக்கு மெட்ராசோட சேரணும்ணு கத்துவோம். அதுக்கும் இதுக்கும் சம்மந்தம் இல்ல. சம்மந்தம் உண்டு, ஆனா நீங்க நெனைக்கிய மாதிரி இல்ல.

எனக்க மூத்தவன் ராபின்சன். அவன் பால் குடிக்கியப்பமே நெஞ்சுல ஒரு சத்தம் கேப்பேன். சுளகுல அரிசி பொடைக்கிய மாதிரி, உஸ் உஸ்ணு. சளியாக்கும்ணு நெனச்சு பத்தொம்பது வருசம் சுக்குக் கசாயம் குடுத்தேன். அம்மா, எனக்க நெஞ்சுக்குள்ள நீ பலசரக்குக் கடை வச்சிருக்கியாண்ணு சிரிப்பான். கட்சி ஊர்வலத்துல மேடு ஏறினா மூச்சு வாங்கும். எலே, போலீசக் காணுததுக்கு முன்னமே இளைக்கியேண்ணு கூட்டாளிய கேலி செய்வினும்.

பனச்சமூட்டுச் சந்தையில ஒரு ஊர்வலத்தண்ணைக்குப் போலீசு விசில் ஊதினதும் எல்லாரும் ஓடினாவ. இவனும் ஓடினான். சந்தை தாண்டல்ல, விழுந்தான். தடியடியில செத்தாண்ணு ஊரே சொல்லிச்சு. அவனுக்க பேருல முக்குல கட்சிக்கொடி நட்டாவ. ஆனா அவனக் குளிப்பாட்டினது நானாக்கும். மேலுல ஒரு கீறல் இல்ல, அண்ணாச்சி.

நான் வாயத் தொறக்கல்ல. மொதல்ல ஒண்ணும் தெரியாததுனால. பெறவு தெரிஞ்சதுனால.

எட்டு மாசம் கழிஞ்சு ராஜபாய் டீச்சர் வேலைக்குச் சர்ட்டிபிக்கேட் வாங்க ஆசுபத்திரிக்குப் போனா. நானும் கூடப் போனேன். டாக்டரு குழல நெஞ்சுல வச்சாரு, எடுத்தாரு, திரும்பவும் வச்சாரு. முன்னால குனி, மூச்ச விட்டுட்டுப் பிடிண்ணாரு. கழுத்துலயும் வச்சுக் கேட்டாரு. பெறவு எனக்க பக்கம் திரும்பி, வீட்டுல ஆராவது ஓடுதப்பம் திடீர்ணு விழுந்து செத்தது உண்டாண்ணு கேட்டாரு. ராபின்சன் விழுந்ததையும் அந்த உஸ் உஸ் சத்தத்தையும் சொன்னேன்.

பொறப்புலயே நெஞ்சுக்குள்ள ஒரு வால்வு ஒட்டி இடுங்கிப் போச்சாம். அந்த இடுக்கு வழியா ரத்தம் சீறிப் போற சத்தமாக்கும் அது. அண்ணனுக்கும் இதுவாத்தான் இருந்திருக்கும்ணாரு. நடக்கலாம், படிச்சுக் குடுக்கலாம். ஓடக் கூடாது. பிள்ள பெறுகதுக்கு, இன்னா, இப்பிடி வேண்டாம்ணு தலைய ஆட்டினாரு.

ஆமா, ஒங்க கிட்ட மறைச்சேன். அவகிட்டயும் சொல்லக் கூடாதுண்ணு சத்தியம் வாங்கினேன். வெளிய தெரிஞ்சா ஆரு கெட்டுவா? திட்டுங்க, கேட்டுக்கிடுதேன்.

ஆனா தடுத்தது நான் இல்ல. எங்க வீட்டுல புத்தி அவளுக்காக்கும். மூணாம் ஞாயிறு ஓலை வாசிச்சுட்டுப் போதகரு எப்பவும் போல, இந்தக் கல்யாணத்துக்கு ஆருக்காவது தடை உண்டாண்ணு கேட்டாரு. அதுக்கு ஆரு பதில் சொல்லுவா? பொம்பளையளுக்க பக்கம் ஒருத்தி எழும்பினா. பாத்தா, எனக்க மவ.

எனக்கு உண்டு அய்யா, அண்ணனுக்க நெஞ்சுல கேட்ட சத்தம் எனக்கும் உண்டு, அவன ஆரும் அடிச்சுக் கொல்லல்ல, இத அறிஞ்ச பெறவும் ரெத்தினதாசுக்குச் சம்மதம்ணா திரும்ப வாசியுங்கண்ணு சொன்னா.

வாசல்ல கெடக்கது அந்தக் கொடிக்கம்புதான், அவ சொன்னதக் கேட்டுட்டு இண்ணைக்குக் காலம்பற கட்சிக்காரரு ஆரோ பிடுங்கிக் கொண்டு போட்டிருக்கினும்.

அவளா? சொல்லி முடிச்சுட்டு உக்காந்தா. கொஞ்சம் மூச்சு வாங்கினா. பெறவு பாட்டுப் புத்தகத்த எடுத்து, அடுத்த பாட்டு எத்தனாவதுண்ணு பக்கத்துல இருந்தவகிட்ட கேட்டா.