போர் தண்ணீர்

வாணியம்பாடியிலிருந்து வேலூர் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பேர். ஒருவர் மெக்கானிக். மற்றவர் பழைய ஜீப் வைத்திருப்பவர். அவர் மடியில் ஒரு ஸ்கேன் கவர்.

“உன் ஜீப்புக்குக் கிட்னியில கல்லு, சேகர்,” என்றார் மெக்கானிக். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“இன்னா பாய் சொல்ற?”

“ஏலகிரி மேடு ஏறுனா கொதிக்குதுன்ன. தெர்மோஸ்டாட் மாத்துனேன், வாட்டர் பம்ப் மாத்துனேன், அப்பவும் கொதிக்குது. நேத்து ரேடியேட்டரைப் பிரிச்சா, குழாய் பூரா வெள்ளையா உப்பு அடைச்சிக் கெடக்குது. எந்தத் தண்ணி ஊத்தற?”

“வீட்டு போர் தண்ணிதான்.”

“அதான் தப்பு. தோல் பதனிடுற ஷெட்டுப் பக்கத்துல போர் போட்டா உப்பு ஜாஸ்தியாத்தான் இருக்கும். இரும்பே தாங்கல பாரு. ரேடியேட்டரை மாத்திடலாம், வுடு. இனிமே கேன் தண்ணி ஊத்து.”

பேருந்து பள்ளிகொண்டாவைத் தாண்டியது. ஜீப்காரர் மடியிலிருந்த கவரைத் தொட்டுக் காட்டினார்.

“என் பொண்ணோட கிட்னி ஸ்கேன், பாய். அவ பொறந்ததுலேர்ந்து அந்தத் தண்ணிதான் குடிக்கிறா.”