துணிய மட்டும் தூக்காதீங்க அண்ணே

...இல்லண்ணே, இல்லண்ணே, துணிய மட்டும் தூக்காதீங்க! மொதல்ல உக்காருங்க. வந்ததும் வராததுமா டிவி மேல கை வைக்கிறீங்களே. ஆள் அனுப்புறோம், ஆள் அனுப்புறோம்னு மூணு நாளா போன்ல சொல்லி, இன்னிக்குத்தான் உங்க கம்பெனி உங்கள அனுப்பியிருக்கு. மூணு நாள் காத்திருந்த டிவி இன்னும் அஞ்சு நிமிசம் காத்திருக்காதா? பழனியப்பன்னு ஒருத்தர் வருவாருன்னு சொன்னாங்க, நீங்கதானே? பசியாறிட்டீங்களா? ஆறியிருக்க மாட்டீங்க, மொகத்தப் பாத்தாலே தெரியுது. இந்தாங்க, தோசை. சட்னி கொஞ்சம் காரம். பையக் கீழ வைங்க. அந்த ஃபாரத்தையும் வைங்கண்ணே, அத ஏன் இப்பவே கையில புடிச்சுக்கிட்டு...

மெல்லப் பேசுங்க. எங்க வீட்டுக்காரரு மேல தூங்குறாரு. ராத்திரி ஷிப்டு பாத்துட்டு, ஏழு மணி பெர்ரிக் கப்பலப் புடிச்சு வந்து படுத்த மனுசன். நீங்க இன்னும் வாயே தொறக்கல, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

என்ன கோளாறுன்னுதானே கேக்குறீங்க? ஒரு கோளாறா ரெண்டு கோளாறா? நேரா உக்காந்து பாத்தா படம் ராஜா மாதிரி வருது. எந்திரிச்சு நின்னா இருட்டு. கீழ உக்காந்தா அதுவும் இருட்டு. நான் என்னிக்கண்ணே சோபாவுல உக்காந்து டிவி பாத்தேன்? கீழ மொறத்த வச்சுக்கிட்டு நெத்திலித் தலையக் கிள்ளிக்கிட்டே பாக்குறவ நானு. இப்ப மொறத்தையும் தூக்கிக்கிட்டு சோபா மேல ஏற வேண்டியிருக்கு. சோபா இடுக்கெல்லாம் நெத்திலித் தலை. இவரு தண்ணி குடிக்க எந்திரிச்சா, பாதி எந்திரிக்கையிலேயே "கரண்டு போச்சா?"ன்னு கேக்குறாரு.

பகல்ல சுத்தமா பாக்க முடியாது. வெளிச்சம் பட்டா படம் வெளுத்துப் போயிடுது. பாருங்க, சன்னலுக்குப் போர்வையத் தொங்க விட்டிருக்கேன். பக்கத்து வீட்டு ரோஹானா வந்து, வீட்டுல யாருக்கு ஒடம்பு சரியில்லன்னு விசாரிச்சிட்டுப் போறா. வீடு வேற ரயில் பெட்டி கணக்கா நீளம், அகலமே கெடையாது. ஒருத்தர்தான் நேரா உக்காரலாம். விருந்தாளி வந்தா ஒருத்தர் பின்னால ஒருத்தரா, பஸ்ஸுல உக்கார்ற மாதிரி உக்காரணும்.

கடையில இப்படி இல்லண்ணே! கடையில இந்த டிவிய மட்டும் ஒரு இருட்டு ரூமுல வச்சிருந்தாங்க. எனக்கு என்ன தெரியும்? சினிமா கொட்டாய் மாதிரி நல்லா இருக்கேன்னு பாத்தேன். தீபாவளி சேல், பினாங்கு ரோட்டுல நிக்க எடம் இல்ல. கமாலுதீன்னு ஒரு பையன்... பையன்னா என்ன, நாலு புள்ளைக்கு அப்பன், கடையில சேல்ஸ்மேன். அவன்தான் எல்லாத்தையும் வெளக்கினான். நாலு மாதிரி இருக்குக்கான்னான்.

மொத மாதிரி, நம்ம பழைய குழாய் டிவி. முன்னால முட்டை மாதிரி உப்பியிருக்குமே, அது. இருவத்தொம்போது இஞ்சு. இவரு அதுக்கு முன்னால போயி நின்னவருதான், நகரவே இல்ல. "இது போதும்மா, இது போதும்மா." ரெண்டாவது, தட்டைக் கண்ணாடி, முப்பத்துநாலு. எங்க நாத்தனா சந்திரிகா, செபராங் ஜெயாவுல இருக்கா, அததான் வாங்கி வச்சிருக்கா. தூக்குறதுக்கு நாலு ஆளு வேணும். வச்ச மறு வாரமே மேசை நடுவுல தொங்கிப் போச்சு. இப்ப அவங்க வீட்டுல செய்தியெல்லாம் ஒரு பக்கமா சாஞ்சுதான் வருது. மூணாவது இது. ப்ரொஜெக்ஷன், சினிமா மாதிரி உள்ளேருந்து தெரையில படத்தப் பாய்ச்சுமாம். நாப்பத்து மூணு இஞ்சு! நாலாவது ஒண்ணு, செவுத்துல படம் மாதிரி மாட்டுறது, ப்ளாஸ்மாவாம். கயிறு கட்டி வச்சிருந்தாங்க, யாரும் கிட்டப் போகக் கூடாதுன்னு. நான் வெல கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதுண்ணே. ரோட்டுல ஓட்ட ஒரு புதுக் காடியே வாங்கிடலாம்லா! எங்க செவுத்துல சாமி காலண்டருக்கே ஆணி நிக்க மாட்டேங்குது.

இன்னொரு தோசை வைக்கிறேன். கைய மறைக்காதீங்க.

சும்மா பாத்துட்டு வாங்குற ஆளு இல்ல நானு. கடையில போடுற படமெல்லாம் என்னண்ணே? மீனு, பூவு, பனிமலை. பனிமலையோட நெசக் கலரு நமக்கு எப்படித் தெரியும்? அதனால நான் கையோட எங்க மூத்த மக கல்யாண டேப்பக் கொண்டுக்கிட்டுப் போயிட்டேன். எல்லா டிவியிலயும் இதப் போடுப்பான்னேன். கமாலுதீன் மொகம் ஒரு மாதிரி ஆச்சு. போட்டான். நான் அன்னிக்குக் கட்டியிருந்தது மாம்பழக் கலர் பட்டு. அந்தக் கலர எவன் சரியாக் காட்டுறானோ அவன்தான் டிவி.

மொத டிவியில பொடவை சரியாத்தான் வந்துச்சு. ஆனா கண்ணாடி உப்பியிருக்குல்ல, அதோட சேந்து நானும் உப்பிப் போயி நிக்கிறேன். தட்டைக் கண்ணாடியில ஒல்லியாத்தான் தெரிஞ்சேன். ஆனா அநியாயத்துக்குத் தெளிவு. கன்னத்துல இருக்குற மரு, நரைச்ச முடி, எல்லாம் எண்ணிக்கிடலாம். அவ்வளவு தெளிவ யாரு கேட்டா? அப்புறம் இந்த டிவியில போட்டான் பாருங்க... அடேயப்பா! நான் ஆளுயரத்துக்கு நிக்கிறேன், பொடவை தகதகங்குது. மணமேடை ஓரத்துல ஒருத்தி நிக்கிறா, அவ மட்டும் மங்கலா, புகை மூட்டத்துக்குள்ள நிக்கிற மாதிரி தெரியுறா. யாருன்னு உத்துப் பாத்தேன். சந்திரிகா! என்னப்பா இதுன்னேன். இந்த மாதிரி டிவியில ஓரம் கொஞ்சம் மங்கலாத்தான் இருக்கும்க்கா, அதான் இதோட கொறைன்னு கமாலுதீன் சொன்னான். கொறையா? போடு பில்லன்னுட்டேன்.

அதுக்காக வாங்கினேன்னு நெனைக்காதீங்க! டெக்னிக்குக்காகத்தான் வாங்கினேன். ரைஸ் குக்கர் வாங்க வந்த ஒரு சீன அம்மாவும் அவங்க வீட்டுக்காரரும் தாலி கட்டுற வரைக்கும் நின்னு பாத்துட்டு, கை தட்டிட்டுப் போனாங்க. அப்பக்கூட கமாலுதீன் ஏதோ சொல்லிக்கிட்டே இருந்தான். இது கண்ணாடி இல்லக்கா, பிளாஸ்டிக் தெரை, சீப்புப் பல்லு மாதிரி பொடிப் பொடிக் கோடா இருக்கும், வெரல் வைக்காதீங்க, காஞ்ச துணியால மட்டும் தொடைங்க, அப்படி இப்படின்னு. நான் தாலி கட்டுற எடத்தப் பாத்துக்கிட்டு இருந்தேன், சரியாக் காதுல விழல.

...ஏன் அப்படிப் பாக்குறீங்க?

சரி, சொல்லிடுறேன். நெசமான கோளாறு இருட்டு இல்ல. செய்தி வாசிக்கிற அம்மா நெத்தியில பொட்டு வருது.

தோசைய முழுங்குங்க, பொரையேறப் போவுது. ஆமாண்ணே, பொட்டு. செவப்பா, வட்டமா. அவங்களுக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும் வருது. மழை வருமா வராதான்னு சொல்றவருக்கு, பந்து வெளையாட்டுல விசில் ஊதுற ரெப்ரிக்கு, சமையல் சொல்லிக் குடுக்குற சீன ஆளுக்கு. பொட்டுக்கு மேல மூணு பட்டை வேற. குங்பூ படத்துல வில்லன் நெத்தி நெறைய பட்டை போட்டுக்கிட்டு ஊரையே வெட்டுறான்! நல்லவன் எவன் கெட்டவன் எவன்னு புரியாம நானே கும்புடப் போயிட்டேன்.

இது பேக்டரி கோளாறுதானே? உள்ள மூணு குழாய் இருக்கு, செவப்பு, பச்சை, நீலம்னு கமாலுதீன்தான் சொன்னான். செவப்புக் குழாய் ஒழுகியிருக்கும். ஒழுகாதுங்கிறீங்களா? எங்க வீட்டுக் குழாயெல்லாம் ஒழுகுதே. பட்டையா? பட்டை... அது வேற ஏதாச்சும் குழாயா இருக்கும். இல்லன்னா இந்த ரெண்டாயிரம் வருசக் கோளாறுங்கிறாங்களே, சனவரி பொறந்தா மெசினெல்லாம் குழம்பிடுமாம். அது எங்க வீட்டுக்கு மட்டும் ரெண்டு மாசம் முந்தி வந்துருச்சோ என்னவோ.

ஐயோ, தூக்கிட்டீங்களா துணிய! சொல்லச் சொல்ல... அண்ணே, மோந்து பாக்காதீங்கண்ணே! டிவிய யாராவது மோந்து பாப்பாங்களா?

...ஆமா. சந்தனம்தான்.

வீட்டுக்கு வந்த புதுச் சாமானுக்குப் பொட்டு வைக்காம எப்படிண்ணே இருக்குறது? இவரு ஓட்டுற மோட்டாருக்கு வச்சேன். பிரிட்ஜுக்கு வச்சேன், பதினாறு வருசமா ஓடுது. ஒரே ஒரு தடவ, மிக்சிக்கு மறந்துட்டேன். ரெண்டே மாசத்துல புகை. வெள்ளிக்கிழம நல்ல நேரம் பாத்து, திருநீறு பூசி, சந்தனத்தக் கொழைச்சு, குங்குமம் வச்சேன். நடுவுல, கொஞ்சம் மேல, அளவு பாத்துத்தான் வச்சேன். பின்பக்கம் வச்சிருக்கலாம்ங்கிறீங்களா? யாருக்காச்சும் முதுகுலயா பொட்டு வைப்பாங்க?

அத்தோட விட்டிருக்கலாம், சரி. மறுநாள் தொடைச்சேன், போகல. கோட்டுக்குள்ள எறங்கிடுச்சு. ஈரத்துணியால தொடைச்சேன். அப்புறம் எலுமிச்சம்பழம். அப்புறம் குத்துவெளக்கு தேய்க்கிற புளி. அப்புறம்... தேங்கா நாரு. லேசாண்ணே, லேசா! குத்துவெளக்கு பளபளன்னு வருதே, இது வரக் கூடாதா? பொட்டு அப்படியே நிக்குது, சுத்தி மட்டும் வெள்ளையா வட்டம் விழுந்துருச்சு. இப்ப டிவியில வர்ற எல்லாரும் தலைக்குப் பின்னால ஒளிவட்டத்தோட வர்றாங்க. ரோஹானா பாத்தா. வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. கண்ணத் தொடைச்சுக்கிட்டே வீட்டுக்குப் போயி, அவ தங்கச்சியையும் கூட்டிக்கிட்டு வந்தா.

இவருக்குத் தெரியாதுண்ணே. உள்ள கரண்டு ஒழுகுது, தொடாதீங்கன்னு சொல்லித் துணியப் போட்டு மூடிட்டேன். நாலு நாளா பந்து வெளையாட்ட ரேடியோவுல கேட்டுக்கிட்டு இருக்குறாரு. கடையிலேயே சொன்னாரு, முட்டை டிவி போதும்மா, கண்ணாடி, தொடைக்க லேசுன்னு. ஒங்களுக்கு என்ன தெரியும்னு அத்தனை பேரு முன்னால கேட்டுட்டேன். இப்ப கெடுத்தது நான்தான்னு தெரிஞ்சா கத்த மாட்டாரு. கத்துற ஆளா இருந்தா எனக்கு என்ன பயம்? "ம்" அப்படிம்பாரு. அவ்வளவுதான். அந்த "ம்" இருக்கே... ஒரு தடவ பாலிக் புலாவுல, நான் காட்டின கடையில டுரியான் பழம் வாங்கினோம், அத்தனையும் புழு. "ம்"னாரு. பதினோரு வருசம் ஆச்சு. இன்னிக்கும் டுரியான் கடையத் தாண்டும்போதெல்லாம் ஒரு "ம்". டிவின்னா தெனமும்ல பாக்கணும்! காலையில "ம்", சாயங்காலம் "ம்". நான் எப்படிண்ணே குடித்தனம் பண்றது?

என்ன, பேனாவ எடுத்துட்டீங்க? இருங்க, இருங்க. நான் நாலாவதோட நின்னவ, அதுவும் தமிழ்ப் பள்ளிக்கூடம். இங்கிலீஸு தெரியாது, வாசிச்சுக் காட்டுங்க. ரெண்டு கட்டம் இருக்கு. மொதக் கட்டம்? கம்பெனி தப்பு. ஆங், அதுல போடுங்க. ரெண்டாவது? வாங்குனவங்க தப்பு. அது நமக்கு வேணாம். மொதக் கட்டத்துலயே போட்டுடுங்கண்ணே, புதுத் தெரை மாத்திக் குடுத்துடுவாங்க, இவருக்கும் ஒண்ணும் தெரியாம முடிஞ்சு போயிடும். ஏன் தலைய ஆட்டுறீங்க? நான் நாரு போட்ட எடம் கம்பெனிக்கு எப்படித் தெரியும்? பாத்தாலே தெரியுமா? சரி, ரெண்டுக்கும் நடுவுல போடுங்களேன். கோட்டு மேல. யாருக்கும் மனவருத்தம் இல்லாம.

...போட்டுட்டீங்களா? எதுல? ரெண்டாவதுலயா! நல்ல மனுசன் நீங்க. எங்க வீட்டுத் தோசைய நாலு தின்னுட்டு...

கொஞ்சம் நில்லுங்க. என்னன்னு போட்டிருக்கு? வாங்குனவங்க தப்பு. தேய்ச்சவங்க தப்புன்னு போடல? பொட்டு வச்சவங்கன்னு ஒரு கட்டம் இல்ல? சரி, வாங்குனவங்க யாருன்னு எதுல இருக்கு? இந்த வாரண்டிக் கார்டுலயா? மேல எழுதியிருக்குற பேர வாசிங்க. வெளியில வேணாம், மனசுக்குள்ள வாசிங்க. நான் அந்தப் பேர வாய்விட்டுச் சொல்றதில்ல. தங்கத்துல ஆரம்பிக்குதா? ராஜுவுல முடியுதா? ஆமா, அவரேதான். கையெழுத்து? அதுவும் அவரோடதுதானா!

அப்ப கம்பெனி எழுத்துப்படி இது யாரு தப்பு? நான் சொல்லல. இங்கிலீஸு படிச்ச ஆளு, கம்பெனி சட்டையப் போட்டுக்கிட்டு, நீங்க எழுதியிருக்கீங்க. சீல் வேற போட்டிருக்கீங்க!

என்னங்க! என்னங்க, எந்திரிச்சுக் கீழ வாங்க! கம்பெனியிலேருந்து ஆள் வந்து எல்லாத்தையும் பாத்துட்டாரு. ஒங்க தப்பாம்! எழுதியே குடுத்துட்டாரு!

அண்ணே? எங்கண்ணே ஓடுறீங்க? நீங்க நின்னு ஒரு வார்த்தை சொன்னாத்தானே... அண்ணே! அட, கை கூட கழுவாம...

வாங்க, வாங்க. பாத்து எறங்குங்க, தூக்கக் கலக்கத்துல படியில விழுந்துடாதீங்க. ஏன் திருதிருன்னு முழிக்கிறீங்க? உக்காருங்க. நான் ஒண்ணும் கோவிச்சுக்கல. மனுசன்னா தப்பு பண்றதுதான், விடுங்க.