தனியாக வந்தவருக்கு ஒரு மேசை

அன்ரோனெற் ரீச்சரின் நினைவுக் கூட்டத்துக்கு வந்து மேடையில் அமர்ந்திருக்கும் பங்குத்தந்தை டொமினிக் அடிகளாருக்கும், பயிற்சி நிலையப் பொறுப்பாளர் சீவரத்தினம் ஐயாவுக்கும், ரீச்சரின் தங்கை றொசானாவுக்கும், முன்வரிசையில் இருக்கும் மாணவர்களுக்கும், மீன் வாடியிலிருந்து நேரே வந்து வாசலில் நிற்கும் சரிபுதீன் நானாவுக்கும் என் வணக்கம்.

நான் கடற்கரை ஊரான பேசாலையைச் சேர்ந்த செபஸ்தியம்மா. ஹோட்டல் வேலை படிக்கும் இந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் விருந்தினராக நடித்தவள்.

கோயில் பெருநாள் சமையலுக்கு வந்த சாமானையெல்லாம் நான் விலை விசாரித்துப் பேரம் பேசியதைக் கண்டுதான் இவர்களுக்குப் படிப்பித்த ரீச்சர் கூப்பிட்டார்.

"அக்கா, வகுப்புக்கு வாங்கோ. பிள்ளையள் உங்களுக்கு ஒரு அறையை வித்துப் பாக்கட்டும்."

"ஹோட்டல் வாசலே மிதிக்காதவள் நான்."

"அதுதான் வேணும். உங்களுக்கு வித்தால் ஆருக்கும் விப்பினம்."

போனேன். பயணப்பையோடு கதவைத் தட்டி உள்ளே போனதும் என் பெயர் 'மேடம்'. எதைக் காட்டினாலும் வேண்டாம் என்பேன். கடல் தெரியும் அறை என்று மாணவன் கபிலன் தொடங்குவான். "பேசாலைக்காரிக்குக் கடலைக் காட்டியோ காசு கேக்கிறாய்?" என்பேன். ரீச்சர் கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்.

ஒருநாள் மாணவி மேரிசெல்வி விலைப்பட்டியலை மூடிவிட்டுக் கேட்டாள்: "தனியவோ வந்தனீங்கள், மேடம்?"

நடிப்பு மறந்துபோயிற்று. "ஓம் பிள்ளை. மனுசன் போனபிறகு தனியத்தான் சாப்பிடுறன்."

வேறு எவர் என்றாலும் அதோடு நிறுத்தியிருக்கமாட்டாரா? அன்ரோனெற் ரீச்சர் நிறுத்தவில்லை. தொடரட்டும் என்று கையைக் காட்டினார்.

"அப்ப உங்களுக்குக் கடல்பக்கம் வேண்டாம்," என்றாள் மேரிசெல்வி. "சமைக்கிற குசினிக்குப் பக்கத்தில ஒரு மேசை இருக்கு. ஆக்கள் கதைக்கிறது கேக்கும். இரவுச் சாப்பாட்டையும் சேர்த்துப் பில்லில போடட்டோ?"

போடச் சொன்னேன். இல்லாத ஹோட்டல், இல்லாத மேசை. அன்றுதான் முதன்முதலாக வாங்கினேன்.

விற்கப் படிப்பிப்பவர்கள் எத்தனையோ பேர். வந்தவரிடம் முதலில் கேட்கப் படிப்பித்தவர் யார்? அன்ரோனெற் ரீச்சர். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தவளிடம், "அக்கா, அடுத்த கிழமையும் வேண்டாம் எண்டு சொல்ல வாங்கோ," என்றவர் யார்? அன்ரோனெற் ரீச்சர்.

அவரை ஆண்டவர் தம்மிடம் அழைத்துக்கொண்டார். வகுப்பு நாளான போன செவ்வாயும் பழக்கத்தில் பையோடு போனேன். பூட்டிய கதவைத் தட்டிவிட்டுத் திரும்பினேன்.

சீவரத்தினம் ஐயா, வகுப்பை நிறுத்தப்போவதாகக் கேள்விப்பட்டேன். பிள்ளைகளுக்கு நேர்முகத் தேர்வு வருகிறது. மேரிசெல்வி இப்போது ஹோட்டலில் வேலை செய்கிறாள்; செவ்வாய் லீவு, வந்து நடத்துகிறேன் என்கிறாள். ஆண்டவர் பெலன் தரும்வரை நான் பையோடு வருவேன். ரீச்சருக்கு நான் கொடுக்கும் வாக்கு அதுதான்.

வகுப்பறைப் பூட்டின் திறப்பைத் தருவீர்களா? செவ்வாய்க்கு முன்னம் பதில் சொல்லுங்கோ, ஐயா.