நடுநிலை மூலையில் புதினா

மேடையில் அமர்ந்திருக்கும் மன்றத் தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, முன்வரிசையில் இருக்கும் மாஸ்டரின் துணைவியாரே, உடைந்த மூக்கும் தையல் போட்ட புருவமுமாகச் சுவரோரம் நிற்கும் வீரர்களே, வணக்கம்.

என்னை எதற்காக மேடையேற்றியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். நான் இந்தக் குத்துச்சண்டை மன்றத்தின் மணிக்காரன். நம்மில் ஒருவர் இறந்தால் பத்து முறை மணியடித்து வழியனுப்புவது மன்றத்தின் வழக்கம். "நாலு நல்ல வார்த்தை சொல்லுங்க பெரியவரே, பத்து மணி அடிங்க, இறங்கிடுங்க" என்றார் செயலாளர். நல்ல வார்த்தை சொல்கிறேன். மணியைப் பற்றிக் கடைசியில் பேசிக்கொள்வோம்.

இன்று நாம் வழியனுப்ப வந்திருக்கும் நம் பயிற்சியாளர், இந்தச் சுத்தியல் மாஸ்டர் யார்? அவருடைய இடதுகை இறங்கினால் எதிராளியின் தாடை இடம் மாறிவிடும். ஒருமுறை ரத்தத்தோடு ஒரு பல் தெறித்து வந்து என் மணியில் பட்டு, நான் அடிக்காமலே அது ஒலித்தது. ஆட்டம் முடிந்துவிட்டதென்று இருவரும் திரும்பிப் போனார்கள். அப்படிப்பட்ட மனிதரா தோட்டம் போட்டார்? அவர்தான் போட்டார்.

கூடத்துக்குப் பின்னால் கண்ணாடிச் சில்லும் துருப்பிடித்த தகரமுமாகக் கிடந்த இடம் அது. அங்கே சிமெண்ட் போட்டு வண்டிக் கொட்டகை கட்ட வேண்டும் என்றார் தலைவர். காய்கறித் தோட்டம் என்றார் மாஸ்டர். மன்றத்திடம் காசு கேட்காவிட்டால் ஒரு பருவம் போட்டுப் பாருங்கள் என்று பொதுக்குழு சிரித்துக்கொண்டே சொன்னது. செயலாளர் சும்மா இருப்பாரா?

"மூக்கை உடைக்கிற எடத்துல முள்ளங்கியா மாஸ்டர்?"

"உடைஞ்ச மூக்கோட வீட்டுக்குப் போறவன் வெறுங்கையோட போகக் கூடாதுய்யா. ஜெயிச்சவனுக்குக் கோப்பை இருக்கு. தோத்தவன் பொண்டாட்டிகிட்ட எதைக் காட்டுவான்?"

மாஸ்டர் அன்றைக்கே வேலையைத் தொடங்கினார்.

சண்டை போடும் ரிங்கின் தரையிலேயே சுண்ணக்கட்டியால் தோட்டத்துக்கு வரைபடம் போட்டார், ரிங் மாதிரியே நாலு மூலைச் சதுரம். வேறு வடிவம் அவருக்குத் தெரியாது. சிவப்பு மூலையில் தக்காளியும் மிளகாயும். நீல மூலையில் கத்தரியும் அவரையும். மீதி இரண்டு மூலைகளும் நடுநிலை மூலைகள். எதிராளியைக் கீழே சாய்த்தவன் போய் நிற்க வேண்டிய இடம் அது. விழுந்தவன் எழும்வரை அவனைத் தொடக் கூடாது. அந்த மூலைகளில் ஒன்றுக்குப் புதினா, இன்னொன்றுக்குக் கயிறு உரசிய தோலில் தடவக் கற்றாழை. சுற்றிலும் பூச்சியை விரட்டச் செண்டுமல்லி.

செலவு? பழைய ரிங் கயிறுதான் வேலி. கிழிந்த குத்துப்பைகளில் மண்ணை நிரப்பினால் தொட்டி. டீக்கடைச் சக்கை எரு. காய்கறிக் கடைக்காரர் வீசிய அழுகல் தக்காளியே விதை. புதினாவுக்குக் கிள்ளிப் போட்ட காம்பு. செண்டுமல்லிக்கு, வென்றவர்கள் கழற்றிப் போட்ட மாலைகளைக் காயவைத்து உதிர்த்தார். கூலிக்கு ஆள்? அதற்குத்தான் மாஸ்டர் ஒரு விதி வைத்தார்.

நான் பள்ளிக்கூடம் போகாதவன். மன்றத்தின் விதிப் புத்தகத்தைப் படிப்பதற்காகவே எழுத்துக் கூட்டக் கற்றேன். அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் மாஸ்டரின் விதியை என் கையால் எழுதினேன். முறைகெட்டு அடித்தவனை வெளியே துரத்தக் கூடாது. மண்வெட்டியைக் கையில் கொடுக்க வேண்டும்.

இதோ, மூன்றாவது வரிசையில் இருக்கிறாரே வெல்டர், மணி அடித்த பிறகு குத்தி ஒருவனின் விலா எலும்பை முறித்தவர். போலீசுக்குப் போகலாம் என்றார்கள். மாஸ்டர் மண்வெட்டியைக் கொடுத்தார். வெல்டர் கோபம் தீராமல் வெட்டினார், ஆள் இறங்குகிற அளவுக்குப் பள்ளம். தக்காளிச் செடியைக் கைக்கட்டுத் துணியால் கொம்போடு சேர்த்து இறுக்கி, நாலைந்து செடிகளைக் கொன்றார். மாஸ்டர் அவருடைய கையைப் பிடித்து, கட்டுக்குள்ளே விட்டுக் காட்டினார். "ரெண்டு விரல் நொழையணும்டா. உன் கைக்குக் கட்டும்போது நான் அப்படித்தானே கட்டுறேன்?" அதற்குப் பிறகு வெல்டர் விதி மீறி ஒரு குத்து விட்டதில்லை.

காய்த்தது. தோற்றவர்கள் பை நிறையக் காயோடு வீட்டுக்குப் போனார்கள். அடுத்த பொதுக்குழுவில் தோட்டம் நிரந்தரமாகும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அந்தக் கூட்டத்துக்கு முந்தைய நாள் காலை. வெளிச்சம் நன்றாக வந்துவிட்டது. நான் குழாயடியில் வாளியோடு நின்றேன். மூன்று பேர் இரும்புத் தடியோடு கயிற்றைத் தாண்டி வந்தார்கள். குத்துப்பைகளைக் கிழித்தார்கள், அவரைப் பந்தலை மிதித்தார்கள். தக்காளி நசுங்கித் தரையெல்லாம் சிவந்தது. மாஸ்டர் வெறுங்கையோடு நடுவில் போய் நின்றார். முதல் தடி அவருடைய தோளில் விழுந்தது. எலும்பு முறிகிற சத்தம் குழாயடிக்குக் கேட்டது. அதே மூச்சில் அந்த இடதுகை இறங்கியது. தடிக்காரன் முகம் கிழிந்து, மிளகாய்ப் பாத்தியில் மல்லாந்தான்.

பிறகு மாஸ்டர் என்ன செய்தார் தெரியுமா? மற்ற இருவரையும் அடிக்கவில்லை. ஓடவில்லை. ஒருவன் விழுந்துவிட்டான் அல்லவா? திரும்பி, ஆயுள் முழுக்கச் செய்ததையே செய்தார். நடுநிலை மூலைக்கு நடந்தார். விழுந்தவன் எழட்டும் என்று புதினா மூலையில் போய் நின்றார்!

பின்னாலிருந்து மண்டையில் அடித்தார்கள். விழுந்த பிறகும் அடித்தார்கள். நான் வாளியை வீசிக்கொண்டு ஓடுவதற்குள் புதினாவெல்லாம் ரத்தம். விழுந்துகிடந்தவனையும் இழுத்துக்கொண்டு அவர்கள் ஓடிவிட்டார்கள்.

ஈரத்தில் வழுக்கி விழுந்தார் என்று செயற்குழு எழுதிக் கொடுத்திருக்கிறது. காவல் நிலையத்தில் நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டார்கள், எழுதிக்கொள்ளவில்லை. மாஸ்டரின் மனைவி என்னிடம் கேட்டது ஒன்றுதான். "அண்ணே, வேர்வை ஈரத்துல காலம்பூரா ஆடுன காலு அது. வழுக்குமா?"

அனுப்பியது யார் என்று நான் பார்க்கவில்லை. பார்க்காததைச் சொல்ல மாட்டேன். பார்த்ததைச் சொல்கிறேன். அவரை ஆம்புலன்சில் ஏற்றும்போது வாசலில் ஒரு லாரி சிமெண்ட் மூட்டைகளோடு வந்து வழி கேட்டது. தோட்டம் இருக்கிற இடத்துக்குச் சிமெண்ட் எதற்கு, தலைவர் அவர்களே? அதை எப்போது சொல்லி வைத்தீர்கள்?

மைக்கை அணைக்கச் சொல்கிறீர்கள். அணையுங்கள். கூட்டத்தின் கூச்சலை மீறிச் சுற்று எண்ணிய தொண்டை இது.

வெல்டர், உட்காருப்பா. கையை இறக்கு. தலைவர் மேல் கை வைத்தால் உன் கையிலும் மண்வெட்டிதான். மாஸ்டர் போய்விட்டார், விதி போகவில்லை.

கடைசியாக மணி. பத்து மணி என்பது, பத்து எண்ணுவதற்குள் எழ முடியாமல் முறையாகத் தோற்று விழுந்தவருக்கு நாம் எண்ணுகிற எண்ணிக்கை. சுத்தியல் மாஸ்டர் தோற்றாரா? முறையாக விழுந்தாரா? விழவைத்தவர்கள் முறை கெட்டவர்கள். ஆகவே நான் மணியடிக்கப் போவதில்லை. என்னை நீக்க வேண்டுமானால் நீக்குங்கள். மணியை வீட்டுக்கு எடுத்துப் போகிறேன், வந்து கேட்டுப் பாருங்கள்.

மாஸ்டரின் துணைவியாரே, வீரர்களே, உங்கள் முன்னால் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நாளைக் காலையில் கயிற்றை மறுபடி கட்டுவோம். அவர் படத்துக்குப் போட்ட இந்த மாலைகளைக் காயவைத்து உதிர்த்து விதைப்போம். சிமெண்ட் லாரி வந்தால் நான் மூலையில் போய் நிற்க மாட்டேன். நடுவில் நிற்பேன்.

மண்வெட்டியை இதோ மேடையில் வைக்கிறேன். அடித்தவர்கள் யாரென்று அவர்களுக்குத் தெரியும், அனுப்பியவருக்கும் தெரியும். விதி எல்லோருக்கும் ஒன்றுதான். வந்து எடுங்கள். புதினா மூலையிலிருந்து வெட்ட ஆரம்பியுங்கள். அங்கே இருக்கிற ரத்தத்தின் மேல் நான் இன்னும் தண்ணீர் ஊற்றவில்லை.