டீச்சரின் குச்சி

கை கழுவ இங்கே சோப்பு இருக்கிறதா, சார்? இல்லாவிட்டால் பரவாயில்லை. தண்ணீர் இருந்தால்கூடப் போதும்.

பன்றிப் பண்ணைக்காரனுக்குப் பன்றி என்றால் அருவருப்பு என்று சொன்னால் சிரிப்பீர்கள். பண்ணை என் மாமனாருடையது. அவர் போனதும் பாதி என் மனைவிக்கும் பாதி அவள் தம்பிக்கும் வந்தது. வளர்ப்பது மச்சினன், வெட்டி விற்பது நான். சுத்தம் செய்து கொக்கியில் தொங்கவிட்ட பிறகுதான் எனக்கு அவற்றைப் பிடிக்கும். அப்போது சத்தம் இல்லை, எச்சில் இல்லை, முகம் இல்லை.

ஒரு கிழட்டுத் தாய்ப்பன்றிக்கு அவன் டீச்சர் என்று பெயர் வைத்திருந்தான். அது விறகுக் குச்சியை வாயில் கவ்வி, பட்டித் தாழ்ப்பாளின் வளையத்தில் நுழைத்து இழுத்து, தானே திறந்துகொண்டு வெளியே வரும். வந்ததோடு விடாது, பக்கத்துப் பட்டியையும் திறந்துவிடும். பீயும் மூத்திரமுமாக முற்றமே நாறும். இவன் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவான். மூக்கில் முத்தம் கொடுப்பான். தான் கடித்த பிஸ்கட்டின் மீதியை அதற்கு ஊட்டிவிட்டு, அதே கையோடு சாப்பிட உட்காருவான். எதிரில் இருக்கும் நான் என் தட்டைத் தள்ளி வைத்துக்கொள்வேன்.

"தொறக்க மட்டுமில்ல மாமா, சொல்லிக் குடுத்தா பூட்டவும் செய்யும்," என்றான் ஒருநாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

பிறகு ஒரு மதியம், சோற்றில் கை வைத்த நேரத்தில் ஆரம்பித்தான்.

"மாமா, இனிமே நம்ம பண்ணையில வெட்டு வேண்டாம். இவ்வளவு புத்தி உள்ளத எப்படி வெட்டறது? என் பாதியில ஒண்ணக்கூடத் தொட விடமாட்டேன்."

"அப்ப நாங்க என்னடா திங்கிறது, மண்ணையா?"

"வேற தொழில் பாத்துக்கலாம். நீங்க ஒருதடவ அதோட கண்ணப் பாருங்க மாமா."

பார்த்தேன். வெளுத்த இமைமயிர், ஓரத்தில் பீளை. அதுவும் என்னைப் பார்த்தது. கொக்கியில் தொங்கியவை எல்லாம் இப்படித்தான் பார்த்திருக்குமோ என்று ஒரு நினைப்பு வந்தது. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை, அடுத்த நாளும் இறங்கவில்லை. நிம்மதியாக ஒரு தொழிலைச் செய்துகொண்டிருந்தவனை அப்படி நினைக்க வைத்தவன் அவன்தான். அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

வெட்டிய இறைச்சியை வைக்கும் குளிர் அறைக் கதவிலும் பட்டியில் இருப்பது மாதிரியான தாழ்ப்பாள்தான், அதே முழங்கால் உயரத்தில். அவன் தீவனம் வாங்கப் போகும்போதெல்லாம் டீச்சருக்கு நான் பாடம் எடுத்தேன். கதவு சாத்தினால் குச்சியால் தாழ்ப்பாளைத் தள்ள வேண்டும், தள்ளினால் பிஸ்கட். தரையில்தான் போடுவேன், ஊட்டமாட்டேன். சீக்கிரமே படித்துக்கொண்டது. அப்படி ஒரு வேலையாள் எனக்கு வாய்த்ததே இல்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை, வேலையாட்கள் கிடையாது. மனைவி ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். "மாப்ள, உள்ள விசிறியில ஐஸ் அடைச்சிருக்கு போல, கொஞ்சம் பாரேன்," என்றேன். அது தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு. உள்ளேயிருந்து தாழை விடுவிக்கும் பிடி உடைந்து வெகுநாளாகியிருந்தது. மாற்றச் சொல்லி அவன் சொன்னது என்னிடம்தான். டீச்சர் வந்தது, குச்சியை வைத்தது, தள்ளியது. நான் கொஞ்சம் தள்ளி நின்று பல் குத்திக்கொண்டிருந்தேன்.

அவன் உடலை எடுக்க வந்த உங்கள் போலீஸ்காரர்களிடம், கதவை நான் தொடவே இல்லை என்று சொன்னேன். அது உண்மை. பன்றியின் சாமர்த்தியம் அக்கம்பக்கம் எல்லாருக்கும் தெரியும் என்பதால் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை.

அதை வெட்டிவிடலாம் என்றேன். மனைவி விடவில்லை. "தம்பி ஆசையா வளத்தது, இருந்துட்டுப் போகட்டும்," என்று அழுதாள். அங்கேதான் காரியம் கெட்டது. நான் முற்றத்தில் இறங்கினாலே போதும், எங்கிருந்தோ ஒரு குச்சியைக் கவ்விக்கொண்டு ஓடிவரும். காலடியில் போட்டுவிட்டு என் பேன்ட் பாக்கெட்டை மூக்கால் முட்டும். துரத்தினால் போய்விட்டுத் திரும்ப வரும். நேற்று அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏங்க, பன்னின்னாலே காத தூரம் ஓடுவீங்களே. இது ஏன் உங்ககிட்ட வந்து பிஸ்கட் கேக்குது?"

நான் குச்சியைக் காலால் எட்டித் தள்ளினேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல்தான் நானாகவே இங்கே வந்தேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அன்று குளிர் அறைக்குள்ளிருந்து அவன் கதவைத் தட்டினான். முதலில் என்னைக் கூப்பிட்டான், பிறகு டீச்சரைக் கூப்பிட்டான். அவன் குரல் கேட்டதும் டீச்சர் பிஸ்கட்டைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பி வந்தது. குச்சியை வளையத்தில் நுழைத்து எதிர்ப்பக்கமாக இழுக்கத் தொடங்கியது. அந்தக் கதவில் அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. தாழ்ப்பாள் அசைந்தது. நான் குனிந்து அதன் வாயிலிருந்து குச்சியைப் பிடுங்கினேன். லேசில் விடவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது.

கதவை அப்போதும் நான் தொடவில்லை. ஆனால் கையெல்லாம் கொழகொழவென்று அதன் எச்சில், சார். அன்றிலிருந்து கழுவிக்கொண்டே இருக்கிறேன், அந்த ஒன்றைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை.